ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 6 வாரம், முட்டி முழுசாக நீளவில்லை

எல்லோருக்கும் வணக்கம். கபடி ஆடும்போது என் தம்பிக்கு வலது முட்டியில் ஏசிஎல் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கும் நார்) கிழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, தொடைக்குப் பின்னால் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைநாரை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். தையல் நன்றாக ஆறிவிட்டது. மடக்குவது 110 டிகிரி வரை வருகிறது.

பிரச்சினை நீட்டுவதில்தான். குப்புறப் படுத்து இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், வலது குதிகால் மட்டும் நாலு விரல் உயரத்தில் நிற்கிறது. இப்போது குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தினமும் 3 வேளை பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கிறான். முதலில் நீட்டுவதுதான் வர வேண்டும் என்று பிசியோ ஆரம்பத்திலேயே சொன்னார். நாங்கள்தான் வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டோம். அது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

இதைத் தாண்டி வந்தவர்கள் இருக்கிறீர்களா? முழுசாக நீட்ட எத்தனை வாரம் ஆனது? முட்டிக்குள் தழும்புத் திசு வளர்ந்து தடுக்கிறதா என்று யாராவது மறுபடி எம்ஆர்ஐ எடுத்தீர்களா? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், என்னென்ன கேட்கலாம் என்றும் சொல்லுங்கள். அவனோ நாலாவது மாதமே களத்தில் இறங்கலாமா என்கிறான். 9 மாதமாவது ஆகும் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.