ஹெச்லெட்ஜர் மாத அறிக்கை: லட்சக் கணக்கில் காற்புள்ளி வரவில்லை, --ஃபார்மட் வேலை செய்யவில்லை

மாடிவீடு:

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. வரவு செலவை ஹெச்லெட்ஜர் என்ற கணக்குப்பதிவு மென்பொருளில் எழுதிவருகிறேன்; கட்டளை தட்டி இயக்கும் வகை. கணக்குப் பெயர்கள் எல்லாமே தமிழ்தான்: வருமானம்:பராமரிப்பு, செலவு:மின்சாரம், செலவு:ஜெனரேட்டர், சொத்து:வங்கி, இப்படி. பதிவு போடுவதில் சிரமமே இல்லை. பொதுக்குழுவில் வைக்க அறிக்கை எடுக்கும்போதுதான் திணறுகிறேன். (கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.)

நான் கொடுப்பது இது:

ஹெச்லெட்ஜர் பேலன்ஸ் வருமானம் செலவு -எம்

மாதவாரியாக வருகிறது, சரி. ஆனால் பன்னிரண்டரை லட்சம் ₹1250000.000 என்று நிற்கிறது. லட்சத்துக்கு ஒரு காற்புள்ளி கூட இல்லை. போதாததற்கு மூன்று தசம இடம் வேறு. பைசாவை மூன்று இலக்கத்தில் நான் எங்கேயும் எழுதவில்லை.

வருமானம் முழுக்கக் கழித்தல் குறியோடு வருகிறது. உறுப்பினர்கள் பார்த்தால் நஷ்டம் என்றே நினைப்பார்கள். வரியின் அமைப்பை மாற்ற --ஃபார்மட் கொடுத்துப் பார்த்தேன். -எம் இல்லாமல் வேலை செய்கிறது, -எம் சேர்த்தால் எந்த மாற்றமும் இல்லை. இணையத்தில் கிடைத்த --பேலன்ஸ்-ஃபார்மட் என்ற வழியைப் போட்டால் பிழை என்கிறது. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) எடுத்து லிப்ரேஆஃபீஸ் விரிதாளில் திறந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ₹ ஒட்டிக்கொண்டிருப்பதால் கூட்டல் போட முடியவில்லை.

வெளியீட்டை செட், ஆக் என்ற உரை மாற்றும் கட்டளைகள் வழியாக அனுப்பிக் காற்புள்ளியைச் செருகிவிடலாம் என்றார் ஒருவர். அதுதான் வழியா, இல்லை மென்பொருளிலேயே ஏதாவது இருக்கிறதா?

முனையம்:

செட், ஆக் எதுவும் வேண்டாம். முதலில் அந்த மூன்று தசம இடத்தைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் தோற்றம். இது தொகையையே பாதிக்கிற விஷயமாக இருக்கலாம்.

நாணயத்துக்கு வடிவம் எதுவும் அறிவிக்கவில்லை என்றால், பதிவுகளில் நீங்கள் எழுதிய தொகைகளைப் பார்த்து ஹெச்லெட்ஜர் தானே ஊகித்துக்கொள்ளும். எந்தப் பதிவில் தசம இலக்கம் மிக அதிகமோ, அத்தனை இலக்கத்தை அறிக்கை முழுவதும் காட்டும். அப்படியானால் உங்கள் கோப்பில் எங்கோ ஒரு தொகை மூன்று தசம இடத்தோடு வாசிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அப்படி எழுதவில்லை என்கிறீர்கள். ஆக, எங்கோ ஒரு காற்புள்ளி தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் காற்புள்ளிதான் தசமக் குறி. அதனால் ₹12,500 என்று ஒற்றைக் காற்புள்ளியோடு, பைசா இல்லாமல் எழுதினால் ஹெச்லெட்ஜர் அதைப் பன்னிரண்டரை ரூபாய் என்று வாசிக்கும். ₹1,25,000 என்றால் காற்புள்ளி இரண்டு இருப்பதால் குழப்பமில்லை. ₹12,500.00 என்றாலும் சரியாகவே வாசிக்கும்.

இதைக் கொடுத்துப் பாருங்கள்:

ஹெச்லெட்ஜர் ரெஜிஸ்டர் 'ஏஎம்டி:<100'

நூறு ரூபாய்க்குக் குறைந்த தொகைகள் மட்டும் வரும். மேற்கோள் குறி கட்டாயம், இல்லாவிட்டால் < குறியை ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தனக்கென்று எடுத்துக்கொள்ளும்.

மாடிவீடு:

அண்ணா, அப்படியே இருக்கிறது. இதோ அந்தப் பதிவு:

2025-06-14 ஜெனரேட்டர் டீசல்
    செலவு:ஜெனரேட்டர்    ₹12,500
    சொத்து:வங்கி

ரெஜிஸ்டரில் ₹12.500 என்று காட்டுகிறது. இதற்கு ஏன் பிழைச் செய்தி வரவில்லை?

முனையம்:

எதிர் வரியில் தொகை எழுதாமல் விட்டால் அதை ஹெச்லெட்ஜரே நிரப்பிக்கொள்ளும். இரண்டு பக்கமும் 12.5, கணக்கு நேராகிவிடும், குறை சொல்ல அதற்கு எதுவும் இருக்காது. வெளியீட்டை செட் வழியாக அழகுபடுத்தியிருந்தால் இந்தப் பன்னிரண்டரை ரூபாயும் அழகாக அச்சாகிப் பொதுக்குழுவுக்குப் போயிருக்கும். அதனால்தான் அந்த வழி வேண்டாம் என்கிறேன்.

கோப்பின் உச்சியில், எல்லாப் பதிவுக்கும் மேலே, நாணய வடிவத்தை அறிவிக்கும் இந்த ஒரு வரியைச் சேருங்கள்:

கமாடிட்டி ₹1,00,00,000.00

இது தொகை இல்லை, மாதிரி. புள்ளிதான் தசமக் குறி, காற்புள்ளி இலக்கத்தைப் பிரிக்க, வலமிருந்து முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு, பைசா இரண்டு இடம் என்று எல்லாவற்றையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். லட்சம், கோடி முறையை ஹெச்லெட்ஜர் நேரடியாகவே ஏற்கும். மாதிரியில் தசமப் புள்ளி கண்டிப்பாக இருக்க வேண்டும். பைசாவே வேண்டாம் என்றால் ₹1,00,00,000. என்று புள்ளியோடு முடியுங்கள்.

டீசல் பதிவை நீங்கள் தொடவே வேண்டாம். இந்த வரி மேலே இருந்தால் ₹12,500 பன்னிரண்டாயிரத்து ஐந்நூறாகவே வாசிக்கப்படும். ஆண்டுக்கு ஒரு கோப்பு வைத்திருந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் இந்த வரி இருக்கட்டும்.

பேரேடு:

மீதியை நான் சொல்கிறேன்.

--பேலன்ஸ்-ஃபார்மட் என்பது லெட்ஜர் என்ற வேறொரு மென்பொருளுடையது. 2003இல் ஜான் வீக்லி தொடங்கியது லெட்ஜர், சி++ நிரல்மொழியில் எழுதியது. 2007இல் சைமன் மைக்கேல் ஹாஸ்கெல் நிரல்மொழியில் தொடங்கியது ஹெச்லெட்ஜர். பதிவுக் கோப்பு பெரும்பாலும் ஒத்துப்போகும், அறிக்கை வடிவக் குறியீடுகள் ஒத்துப்போகாது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் நிறைய லெட்ஜருக்கானவை, பார்த்து எடுங்கள்.

ஹெச்லெட்ஜரின் --ஃபார்மட் காலப் பிரிவு இல்லாத எளிய பேலன்ஸ் அறிக்கைக்கு மட்டும்தான். உதாரணமாக:

--ஃபார்மட் "%-30(அக்கவுண்ட்) %18(டோட்டல்)"

முப்பது இடத்தில் இடப்பக்கம் ஒட்டிய பெயர், அப்புறம் பதினெட்டு இடத்தில் வலப்பக்கம் ஒட்டிய தொகை. -எம் வந்துவிட்டால் அறிக்கை அட்டவணையாகிவிடும், இது பொருந்தாது. அங்கே --லேஅவுட் பயன்படுத்துங்கள். --லேஅவுட்=பேர் ('வெறும்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) கொடுத்தால் ₹ தனி நெடுவரிசைக்குப் போய்விடும், கட்டங்களில் வெறும் எண் மட்டும். உங்கள் லிப்ரேஆஃபீஸ் கூட்டல் பிரச்சினை இதோடு தீர்ந்தது.

கழித்தல் குறிக்கு --இன்வெர்ட் இருக்கிறது, ஆனால் அது செலவையும் சேர்த்துத் திருப்பிவிடும். உங்களுக்குத் தேவை இன்கம்ஸ்டேட்மென்ட் கட்டளை. வருமானத்தையும் செலவையும் தனித்தனிப் பகுதியாக, இரண்டையும் கூட்டல் எண்ணாகவே காட்டி, கடைசியில் நிகரம் போடும்.

மாடிவீடு:

கமாடிட்டி வரி போட்டதும் ₹12,50,000.00 என்று வந்துவிட்டது, டீசலும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி அண்ணா. ஆனால் இன்கம்ஸ்டேட்மென்ட் கொடுத்தால் தலைப்பு மட்டும் வருகிறது, உள்ளே ஒன்றுமில்லை.

பேரேடு:

கணக்குப் பெயர்கள் தமிழில் இருப்பதுதான் காரணம். அசெட்ஸ், இன்கம், எக்ஸ்பென்சஸ் போன்ற ஆங்கிலப் பெயர்களின் வகையைத்தான் அது தானாகக் கண்டுகொள்ளும். தமிழ்ப் பெயர்களுக்கு நாம் சொல்லிவிட வேண்டும்:

அக்கவுண்ட் சொத்து  ; டைப்: ஏ
அக்கவுண்ட் வருமானம்  ; டைப்: ஆர்
அக்கவுண்ட் செலவு  ; டைப்: எக்ஸ்

செலவுக்கு 'இ' போட்டுவிடாதீர்கள், அது ஈக்விட்டிக்கு (மூலதனம்) போய்விட்டது. அரைப்புள்ளிக்கு முன்னால் குறைந்தது இரண்டு இடைவெளி விடுங்கள். தாய்க் கணக்குக்குச் சொன்னால் போதும், கீழே உள்ளவை அதே வகையை எடுத்துக்கொள்ளும். சரியாக விழுந்ததா என்று பார்க்க: ஹெச்லெட்ஜர் அக்கவுண்ட்ஸ் --டைப்ஸ்.

பிறகு நிதியாண்டு முழுவதற்கும்:

ஹெச்லெட்ஜர் இன்கம்ஸ்டேட்மென்ட் -எம் -டி -பி 2025-04-01 -இ 2026-04-01 --லேஅவுட்=பேர் -ஓ ஆண்டறிக்கை.சிஎஸ்வி

இதில் எம்மும் டியும் பெரிய எழுத்து, மற்றவை சின்ன எழுத்து. -டி வரிக்கு வரி மொத்தம் போடும். -இ யில் கொடுக்கும் நாள் அறிக்கையில் சேராது, அதனால்தான் ஏப்ரல் 1.

முனையம்:

தமிழ்ப் பெயர் என்றதும் இன்னொன்று. 'சொத்து' என்ற சொல்லில் உள்ள 'ொ' யுனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கோ இரண்டு வெவ்வேறு கணக்கு. வேறு வேறு விசைப்பலகையில் தட்டினால் இப்படிப் பிரிய வாய்ப்பு உண்டு. பயன்படுத்தும் எல்லாக் கணக்கையும், கிளைக் கணக்கு உட்பட, அக்கவுண்ட் வரியாக அறிவித்துவிட்டு அவ்வப்போது 'ஹெச்லெட்ஜர் செக் அக்கவுண்ட்ஸ்' ஓட்டுங்கள். அறிவிக்காத பெயர் வந்தால் எந்தப் பதிவில் என்று காட்டிவிடும். பொதுப்பணத்துக்குக் கணக்கு எழுதும் எவரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

மாடிவீடு:

வகை அறிவித்ததும் அறிக்கை முழுதாக வந்துவிட்டது. செக் அக்கவுண்ட்ஸும் ஓட்டினேன், பிழை இல்லை. கடைசியாக இரண்டு சந்தேகம். கட்டளை தட்டும் முனையத் திரையில் தமிழ்ப் பெயர்கள் உள்ள வரிகளில் நெடுவரிசை முன்னும் பின்னும் விலகி நிற்கிறது. சிஎஸ்வியில் காற்புள்ளி மறுபடியும் போய்விட்டது.

பேரேடு:

இரண்டாவது வேண்டுமென்றே செய்வது. வேறு நிரல்கள் எண்ணாகவே படிக்க வேண்டும் என்பதற்காகச் சிஎஸ்வியில் பிரிப்புக் காற்புள்ளியை எடுத்துவிடுகிறார்கள். லிப்ரேஆஃபீஸில் எண் நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து வடிவக் குறியீடாக #,##,##0.00 கொடுங்கள், லட்ச முறையில் வந்துவிடும், கூட்டலும் வேலை செய்யும்.

முதலாவதற்கு முனையத்தில் முழுத் தீர்வு கிடையாது. எழுத்துக்கு எத்தனை இடம் என்று நிரல் போடும் கணக்கும், உயிர்மெய்க் குறிகளை உங்கள் முனையமும் எழுத்துருவும் வரையும் அகலமும் ஒத்துப்போவதில்லை. வேறு முனையம், வேறு எழுத்துரு வைத்துப் பாருங்கள், ஓரளவு குறையும். அச்சுக்கு முனைய வெளியீட்டை நம்ப வேண்டாம், லிப்ரேஆஃபீஸ் வழியே போங்கள்.

ஹெச்லெட்ஜர் 1.40 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் உங்கள் முகப்பு அடைவில் .ஹெச்லெட்ஜர்.கான்ஃப் என்ற கோப்பை வைத்து, [இன்கம்ஸ்டேட்மென்ட்] என்ற தலைப்பின் கீழ் -எம், -டி, --லேஅவுட்=பேர் மூன்றையும் வரிக்கு ஒன்றாக எழுதிவிடுங்கள். தேதியையும் கோப்புப் பெயரையும் மட்டும் அப்போதைக்கப்போது கொடுத்தால் போதும்.