2021 டிராஃப்டில் பெங்கால்ஸ்: சேஸைத் தேர்ந்தெடுத்தது சரியா?

நான்காம் டவுன்:

அமெரிக்கக் கால்பந்தின் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி 2021 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 5ஆம் இடத்தில் எடுத்த முடிவு சரியா, தவறா என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு பக்கம் சாய முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் முதல் தேர்வாக வந்த குவாட்டர்பேக் ஜோ பரோ, ஆடிய 10 ஆட்டங்களில் 32 முறை பந்தை வீசுவதற்குள் வீழ்த்தப்பட்டார். நவம்பரில் வாஷிங்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்து, வண்டியில் ஏற்றிக் களத்துக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டார். அந்த ஆண்டு 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமன் என்று முடிந்தது.

இப்படியோர் அணிக்கு முதல் தேவை பரோவைக் காக்கும் ஆஃபென்சிவ் லைன்தான் என்று பெரும்பாலோர் எண்ணினோம். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்) பெனே சூவெல் கைக்கெட்டும் இடத்தில் இருந்தார். ஆனால் பெங்கால்ஸ் அவரை விட்டுவிட்டு, எல்எஸ்யூவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பரோவுடன் ஆடிய, பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது. இரண்டு இடங்கள் தள்ளி டெட்ராய்ட் அணிக்குப் போன சூவெல், 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். அணியின் ஓட்டையை அடைப்பதா, இருப்பவர்களில் சிறந்த ஆட்டக்காரரை எடுப்பதா என்ற பழைய கேள்விக்கு இந்த நிகழ்வு என்ன விடை சொல்கிறது? அன்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய ஸ்கோர்கார்டு:

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருப்பதாகத் தோன்றுகிறது. "ஆஃபென்சிவ் லைன்" என்பது ஒரே ஓட்டை அன்று. அதில் ஐந்து இடங்கள் உள்ளன. அவற்றுள் எது ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். இடப்பக்க டேக்கிளாக 2019இன் 11ஆம் தேர்வு ஜோனா வில்லியம்ஸ் இருந்தார். வலப்பக்கத்துக்கு, டிராஃப்டுக்கு முன்பே ரைலி ரீஃபை ஓராண்டு ஒப்பந்தத்தில் கொண்டு வந்திருந்தார்கள். உண்மையில் ஒழுகியது நடுப்பகுதி, அதாவது கார்டும் சென்டரும் நிற்கும் இடங்கள்.

டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக அந்த 2021 பருவத்தின் பிளேஆஃபில், அதாவது வெளியேற்றுச் சுற்றில், நடந்த ஆட்டத்தை மறுபடி பாருங்கள். பரோ 9 முறை வீழ்த்தப்பட்டார். அதில் 3 ஜெஃப்ரி சிம்மன்ஸின் கணக்கு. அவர் நடுவில் நின்று மோதும் ஆள். ஓரத்தில் சூவெல் நின்றிருந்தாலும் சிம்மன்ஸுக்கு அவரால் பெரிய இடைஞ்சல் ஏற்பட்டிருக்காது. அத்தனை அடி வாங்கியும் பெங்கால்ஸ் அந்த ஆட்டத்தை 19-16 என்று வென்றது என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலும், ரிசீவர் இடம் நிறைவாக இருந்தது என்று யார் சொன்னது? ஏ.ஜே. கிரீன் அந்த மார்ச்சில்தான் அரிசோனாவுக்குப் போனார். ஜான் ராஸும் வெளியேறினார். டீ ஹிக்கின்ஸும் டைலர் பாய்டும் நல்லவர்களே என்றாலும், எதிரணியின் பாதுகாப்பு முழுவதையும் பின்னுக்குத் தள்ளக்கூடிய வேகம் அங்கே இல்லை. சேஸ் முதல் ஆண்டிலேயே 81 பந்துகளைப் பிடித்து 1,455 யார்டு எடுத்தார். 2022 ஜனவரி 2 அன்று கேன்சஸ் சிட்டிக்கு எதிராக எடுத்த 266 யார்டு, ஒரே ஆட்டத்தில் ஒரு புதுமுகம் எடுத்த அதிகபட்சமாகப் பதிவானது. (பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் அவர் பந்துகளைத் தவறவிட்டபோது, கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை இங்கே இல்லை என்று காரணம் சொன்னதற்கு நாம் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா?)

வடக்கு ஸ்டாண்ட்:

பழைய ஸ்கோர்கார்டு அவர்களின் வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் ரீஃப் என்னும் ஓராண்டு வாடகை ஆளை நம்பி, அந்த இடம் அடைபட்டதாகக் கணக்கிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டிசம்பரில் கணுக்கால் காயத்தோடு அவர் பருவம் முடிந்தது. பிளேஆஃப் முழுவதும் அந்த இடத்தில் ஐசையா பிரின்ஸ் ஆடினார். பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் பரோ 7 முறை வீழ்த்தப்பட்டார்; அதில் 2, ஓரத்தில் வரும் ராம்ஸ் வீரர் வான் மில்லருடையவை. பருவத்தில் 51, பிளேஆஃபில் 19, ஆக மொத்தம் 70 முறை ஒரு குவாட்டர்பேக் தரையில் விழுந்திருக்கிறார். அவரும் முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து அப்போதுதான் மீண்டவர்.

சூப்பர் பவுலின் கடைசிக் கட்டத்தை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகக் காட்டலாம். ராம்ஸ் 23-20 என முன்னிலையில் இருக்க, நான்காம் டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், 1 யார்டு தேவை. வெளியே சேஸைத் தடுக்க நின்ற ஜேலன் ராம்ஸி தடுமாறி விழ, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த நொடியிலேயே ராம்ஸின் ஆரன் டொனால்ட் உள்ளே புகுந்து பரோவின் உடுப்பைப் பற்றிச் சுழற்றிவிட்டார். பரோ எறிந்த பந்து யாரிடமும் சேராமல் தரையில் விழுந்தது. பந்து வந்து சேராவிட்டால் உலகின் சிறந்த ரிசீவரும் பார்வையாளர்தான்.

பழைய ஸ்கோர்கார்டு:

டொனால்டும் நடுவில் வருபவர்தான், நண்பரே.

மூன்றாம் சுற்று:

இருவரும் முதல் சுற்றையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். என் பார்வையில் பிழை நடந்தது அடுத்த நாள் மாலையில். பெங்கால்ஸ் தன் 38ஆம் இடத்தை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, பதிலாக 46, 122, 139 ஆகிய இடங்களைப் பெற்றது. லைனில் ஆள் வேண்டும் என்று ஊரே அறிந்திருந்த நிலையில் கீழே இறங்கி, 46இல் கிளெம்சனின் ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள். கல்லூரியில் டேக்கிளாக ஆடியவரைக் கார்டாக மாற்றப் பார்த்தார்கள். அவர் எந்த இடத்திலும் வேரூன்றவில்லை. அதே சுற்றில் 63ஆம் இடம்வரை ஒரு சென்டர் காத்திருந்தார்: கிரீட் ஹம்ஃப்ரி. அவரைக் கேன்சஸ் சிட்டி எடுத்தது. முதல் ஆட்டத்திலிருந்தே அவர் அங்கே நிலையான சென்டர். சேஸையும் ஹம்ஃப்ரியையும் சேர்த்தே எடுத்திருக்கலாம் என்னும்போது, சேஸா சூவெலா என்ற வாதம் எனக்குச் சற்று வீணாகவே படுகிறது.

தேவையைப் பார்த்து எடுப்பதில் தவறில்லை. தேவை கண்ணை மறைத்து, பட்டியலில் கீழே இருப்பவரை மேலே தூக்கி வைக்கும்போதுதான் கை சுடுகிறது. 46இல் நடந்தது அதுதான் என்பது என் கணிப்பு.

பண விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல கார்டும் சென்டரும் ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வருவதுண்டு; 2022இல் டெட் கராஸ், அலெக்ஸ் காப்பா ஆகிய இருவரையும் பெங்கால்ஸ் அப்படித்தான் வாங்கியது; டல்லஸ் அணி விடுவித்த டேக்கிள் லயெல் காலின்ஸையும் சேர்த்துக்கொண்டது. சேஸைப் போன்றவர் 25 வயதில் சந்தைக்கு வருவதில்லை. 2025இல் அவரை 4 ஆண்டுகள் நீட்டிக்க 16.1 கோடி டாலர் ஆனது. புதுமுக ஒப்பந்தத்தின் முதல் 4 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3 கோடிதான். ஐபிஎல் ஏலத்தில் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப எவரையும் கேட்கலாம். இங்கே வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே வேறு வழியில் கிடைக்காததை வரிசை வரும்போது எடுத்துக்கொள்வதுதான் முறை.

வடக்கு ஸ்டாண்ட்:

வாங்கிய லைன் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் கேன்சஸ் சிட்டிக்கு எதிரான ஏஎஃப்சி பிரிவின் இறுதியில் (சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம்) காலின்ஸ், காப்பா, வில்லியம்ஸ் மூவருமே காயத்தால் ஆடவில்லை, 23-20 தோல்வி. கார்மனைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை.

நான்காம் டவுன்:

அனைவருக்கும் நன்றி. ஹம்ஃப்ரி 63வரை இருந்தார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். இனி 5ஆம் தேர்வைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 38ஐ விட்டுக்கொடுத்ததைத்தான் கேட்பேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதே டிராஃப்டில் பெங்கால்ஸ் வெளிப்படையாகத் தேவைக்காகவே எடுத்த ஒருவர் உண்டு. 2020இன் முதல் ஆட்டத்தில் எங்கள் உதைக்காரர் ராண்டி புல்லக் 31 யார்டு உதையைத் தவறவிட்டு, சார்ஜர்ஸிடம் 16-13 என்று தோற்றது நினைவிருக்கும். அதற்கு மருந்தாக ஐந்தாம் சுற்றில், 149ஆம் இடத்தில், உதைக்காரர் எவான் மெக்ஃபர்சன் வந்தார். அந்தப் பிளேஆஃபில் உதைத்த 14 ஃபீல்ட் கோல்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. டைட்டன்ஸை வீட்டுக்கு அனுப்பியதும் அவருடைய 52 யார்டு உதைதான்.