ஒடுங்கிய தடித்த எழுத்துருக்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சுவரொட்டிக்காரன்
நாடகச் சுவரொட்டிகள் வடிவமைக்கிறேன். நாடகத்தின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தாளின் அகலம் மாறாது. சாதாரண எழுத்துருவில் போட்டால் பெயர் மூன்று வரிகளாக உடையும். ஒரே வரியில் அடக்கினால் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். அகலத்தில் ஒடுங்கி உயரத்தில் வளர்ந்த தடித்த எழுத்துகளை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

அண்மையில் ஒரு நாடகக் குழுவினர், தங்களுக்குப் பழகிய எழுத்துருவையே கணினியில் பக்கவாட்டில் நெருக்கித் தரச் சொன்னார்கள். நெருக்கியதையும், ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவையும் அச்சிட்டு அருகருகே மாட்டினேன். நெருக்கியதில் நிமிர்ந்த கோடுகள் மெலிந்திருந்தன. கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நின்றன. வட்டங்கள் எல்லாம் கோணிப்போயிருந்தன. குழுவினர் ஒருவர்கூடத் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தகைய எழுத்துருக்களோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவங்களையும் எழுதுங்கள்.

மர அச்சு
மர எழுத்துகளைக் கையால் அடுக்கி அச்சிடும் பட்டறையில் பயின்றேன். மிகப் பெரிய எழுத்துகளை உலோகத்தில் வார்த்தால் எடை தாங்காது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் வெட்டத் தொடங்கிய பிறகு, பெரிய சுவரொட்டிகளுக்கான எழுத்துகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. மரக்கட்டையை யாராலும் நெருக்க முடியாது. வரி கொள்ளவில்லையென்றால் இன்னும் ஒடுங்கிய தொகுதியைப் பெட்டியிலிருந்து எடுத்தாக வேண்டும்.

கட்டைகளில் எழுத்துகள் இடவலம் மாறி இருப்பதால், அடுக்கும்போது சொல் கண்ணில் படாது. கறுப்புக் கம்பிகளும் அவற்றின் நடுவே உள்ள வெள்ளைச் சந்துகளும் மட்டுமே தெரியும். நல்ல தொகுதியில் எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளையும், இரு எழுத்துகளுக்கு இடையே விழும் வெள்ளையும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அந்தச் சீர்தான் வரியைக் கட்டிக்காக்கிறது.

கோடும் வளைவும்
மேலே சொன்ன வெள்ளைதான் வரைபவருக்கும் பெரிய சோதனை. ஆங்கிலத்தின் எஸ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்துக்குள் மூன்று கிடைக்கோடுகளும் இரண்டு வெற்றிடங்களும் அடங்க வேண்டும். நிமிர்ந்த கோட்டின் தடிமனையே கிடைக்கோடுகளுக்கும் கொடுத்தால் வெற்றிடம் அடைந்துபோகும். அதனால் கிடைக்கோடுகளை மெலிதாக்கி, கண்ணுக்கு மட்டும் சமமாகத் தோன்றும்படி வரைய வேண்டும்.

இந்த நுட்பத்தை இம்பேக்ட் எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கற்றேன். ஜெஃப்ரி லீ வடிவமைத்தது. 1965இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. அதன் சிற்றெழுத்துகள் பேரெழுத்துகளை நெருங்கும் அளவுக்கு உயர்ந்திருக்கும். மேலே நீளும் கோடுகளும் கீழே இறங்கும் கோடுகளும் குட்டையாக இருக்கும். அதனால் தலைப்பு வரிகளை நெருக்கி அடுக்கலாம். 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென இலவசமாக வழங்கிய எழுத்துருக்களில் இதுவும் ஒன்று. கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை எழுத்தாக இணையத்தின் மீம் படங்களில் மட்டும் பார்த்தவர்கள், இதை வெறும் தாளில் பெரிதாக அச்சிட்டுப் பாருங்கள். எவ்வளவு கவனமாக வரையப்பட்டது என்பது அப்போது புரியும்.

மூன்று சுழி
என் வேலை இருமொழித் தலைப்புகள். ஆங்கிலத்துக்குப் பெபாஸ் நியூ என்ற ஒடுங்கிய எழுத்துரு, தமிழுக்கும் "அதே மாதிரி" ஒன்று என்று பலர் கேட்கிறார்கள். பெபாஸ் நியூவில் பேரெழுத்துகள் மட்டுமே உண்டு. மேலும் கீழும் சமமாக வெட்டிய பட்டையாக வரி அமையும். தமிழ் அப்படி நிற்காது. 'கி', 'கீ' மேலே வளையும். 'கு', 'கூ' கீழே இறங்கும். பெபாஸ் நியூவுக்குக் குறைப்பதுபோல் வரி இடைவெளியைக் குறைத்தால், மேல் வரியில் இறங்குவதும் கீழ் வரியில் வளைவதும் மோதிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல் சுழிகளில் இருக்கிறது. ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகள் எவ்வளவு ஒடுக்கினாலும் கம்பீரமாக நிற்கும். 'பட்டம்' என்ற சொல் இதற்கென்றே பிறந்ததுபோல் அமையும். 'எண்ணெய்' என்று போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு ணகரத்திலும் மூன்று சுழி. தடிமனைக் கூட்டக் கூட்ட அவை அடைந்து, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். மணம், மனம் ஆகிவிடும்.

எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு வெளியிட்ட அனெக் தமிழ் எழுத்துருவில் தடிமனை 100 என்ற மிக மெல்லிய அளவு முதல் 800 என்ற மிகத் தடித்த அளவு வரையும், அகலத்தை வழக்கமான அகலத்தின் 75 முதல் 125 விழுக்காடு வரையும் தனித்தனியே மாற்றலாம். அகலத்தை 75க்குக் கொண்டுபோனால் தடிமனை உச்சிக்கு ஏற்றாமல் 700 அளவில் நிறுத்துகிறேன். சுழிகள் திறந்தே இருக்கின்றன. ஆங்கில வரியைச் சற்றுச் சிறிதாக்கினால் இரண்டும் ஒரே கனத்தில் தெரிகின்றன. தமிழை ஆங்கிலத்தின் உயரத்துக்குள் திணிப்பதை நான் ஏற்பதில்லை.

வாசகன்
நான் வடிவமைப்பாளன் அல்லன், பார்வை குறைந்தவன். தொலைவில் உள்ள தலைப்பை இந்த எழுத்துகளில் என்னால் எளிதாகப் படிக்க முடிகிறது. ஆனால் ஒரு மருத்துவமனையில், நோயாளிகளுக்கான நீண்ட அறிவிப்பு முழுவதையும் இதே தடித்த ஒடுங்கிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் வரிக்குள்ளேயே எழுத்துகள் வேலிக் கம்பிகளாகக் கலங்கிவிட்டன. உடன் வந்தவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தயவுசெய்து தலைப்போடு நிறுத்துங்கள்.

சுவரொட்டிக்காரன்
வாசகன் அவர்களே, நன்றி. நாடகத்தின் நாள், நேரம், இடம் ஆகியவற்றை நான் எப்போதும் வழக்கமான அகலமுள்ள எழுத்துருவில்தான் வைக்கிறேன். சிறிய அளவில் ஒடுங்கிய எழுத்தைத் தவிர்க்கவே முடியாதபோது, தடிமனை ஒரு படி குறைத்து எழுத்து இடைவெளியைக் கூட்டுகிறேன். மூன்று சுழி அவர்கள் சொன்ன 700 அளவை அடுத்த சுவரொட்டியில் அச்சிட்டு, சாலையைக் கடந்து நின்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.