பாராட்டு மடலில் ‘சான்றோர்’ என்று எழுதலாமா?

கேள்வி (மடல்_எழுதி):
பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியை ஒருவருக்குப் பாராட்டு மடல் எழுதுகிறோம். “சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே” என்ற அடியோடு தொடங்கி, அவரைச் ‘சான்றோர்’ என்று அழைக்க எண்ணம். அந்த அடியில் சான்றோன் என்றால் போர்வீரன்தான், படித்தவர் இல்லை என்கிறார் குழுவில் ஒருவர். உண்மையா? பெண்ணுக்கு எந்த வடிவம்? ‘சான்றோர்கள்’ பிழையா?

வாகைத்திணை:
குழு நண்பர் சொல்வதில் வலு இருக்கிறது. அது புறநானூறு 312, பொன்முடியார் பாட்டு. தந்தையின் கடனுக்கு அடுத்த வரியே வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன் என்கிறது. கடைசியில் களிற்றை வீழ்த்தித் திரும்புவது காளையின் கடன். திணை வாகை (போர் வெற்றியைப் பாடுவது), துறை மூதின்முல்லை (மறக்குடிப் பெண்களின் வீரத்தைச் சொல்வது). இந்தச் சூழலில் வீரன் என்ற பொருளே இயல்பாகப் பொருந்தும்.

இது ஒற்றைச் சான்றும் அல்ல. புறம் 63இல் பரணர் போர்க்களத்தைப் பாடும்போது “தேர்தர வந்த சான்றோர் எல்லாம்” கேடயம் கண்ணை மறைக்க ஒருங்கே மாய்ந்தனர் என்கிறார். பதிற்றுப்பத்தின் 14ஆம் பாட்டுக்குப் பெயரே ‘சான்றோர் மெய்ம்மறை’. மெய்ம்மறை என்றால் கவசம். வீரர்களுக்குக் கவசம் போன்றவன் என்று சேர மன்னனைப் பாடியது.

மேடைகளில் இந்த ஓரடியை மட்டும் வெட்டி எடுத்துக் கல்விக்குப் பயன்படுத்துவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கீழே உள்ள நான்கு வரிகளையும் படித்தவர் அப்படிச் செய்ய மாட்டார்.

சால்பு:
மேலே சொன்ன சான்றுகள் சரி. ஆனால் ‘சான்றோர் = வீரர்’ என்று முடித்துவிடக் கூடாது. வேர் ‘சால்’: நிறைதல், போதியதாதல். செல் – சென்று, கொல் – கொன்று போலச் சால் – சான்று. ‘சாலச் சிறந்தது’, ‘சாலும்’, ‘சால்பு’ எல்லாம் இந்தக் குடும்பம். எதில் நிறைந்தவர் என்பதைச் சூழல்தான் சொல்லும். களத்தில் மறத்தால் நிறைந்தவர். ஊரில் பண்பால் நிறைந்தவர். அதே புறநானூற்றில் 191ஆம் பாட்டில் பிசிராந்தையார் தமக்கு நரை வராததற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, “ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்” பலர் தம் ஊரில் வாழ்வது. இங்கே வாளும் இல்லை, வேலும் இல்லை.

குறளில் இன்னொரு நுட்பம் உண்டு. பெற்ற தாய் பசித்திருந்தாலும் “சான்றோர் பழிக்கும் வினை” செய்யாதே என்கிறது 656. நாம் வியந்து பார்ப்பவர் மட்டுமல்லர் சான்றோர். நம் செயலை எடைபோடத் தகுதி உள்ளவர். ‘பிரபலம்’, ‘சாதனையாளர்’ என்ற சொற்களில் இந்தப் பொருள் கிடையாது. 983 அன்பு, நாண், ஒப்புரவு (பிறருக்கு உதவுதல்), கண்ணோட்டம் (இரக்கம்), வாய்மை என்ற ஐந்தையும் சால்பைத் தாங்கும் தூண்கள் என்கிறது. அதில் கல்வியோ பதவியோ இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்வியை அழுத்த வேண்டுமென்றால் 69ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரை கைகொடுக்கும். அவர் சான்றோனைக் கல்வி கேள்விகளால் நிறைந்தவன் என்றே கொள்கிறார்.

ஒற்றுமிகாது:
வடிவம் பற்றி. ‘சான்றோன்’ ஆண்பால், தவிர்த்துவிடுங்கள். ‘சான்றோள்’ விதிப்படி அமையும், ஆனால் வாசிப்பவர் தடுக்கி நிற்பார். ‘சான்றோர்’ இருபாலுக்கும் பொது. மரியாதைப் பன்மையாக ஒருவருக்கும் வரும். ஒருவரைத்தான் சொல்கிறீர்கள் என்பது தெளிய ‘சான்றோர் ஒருவர்’, ‘சான்றோராகிய தாங்கள்’ என எழுதுங்கள்.

‘சான்றோர்கள்’ இக்கால வழக்கில் பிழையன்று. ஆசிரியர்கள் என்கிறோமே, அதே முறை. செய்யுள் நடை கலந்த மடலில் மட்டும் ‘கள்’ இடிக்கும்.

அச்சுக்குப் போகும் முன் ஒற்றெழுத்தையும் பாருங்கள்: ‘சான்றோர் பேரவை’, ‘சான்றோர் கூட்டம்’ – வல்லினம் மிகாது. ‘சான்றோர்க்குப் பெருமை’ – கு உருபுக்குப் பின் மிகும்.

மடல்_எழுதி:
நன்றி. அப்படியானால் 312ஐ எடுத்துவிட்டு, “சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி” என்று தொடங்கலாமா?

சால்பு:
118ஆம் குறள். நல்ல தேர்வு. எந்த மாணவர் பக்கமும் சாயாத தலைமையாசிரியருக்கு நேராகப் பொருந்தும். ஆனால் அது நடுவுநிலைமை அதிகாரத்துக் குறள். அடுத்த பத்தியில் அவர் பாரபட்சமின்றி நடந்த ஒரு நிகழ்வையாவது எழுதுங்கள். “தாங்கள் சான்றோர்” என்ற வாக்கியம் அதற்குப் பிறகு வரட்டும்.