மீன்வளத்தைக் காப்பது விலையா, வரம்பா?

துலாக்கோல்:
நான் இன்று விட்டுவைக்கும் மீனை நாளை வேறொருவர் பிடித்துவிடுவார் என்றால் விட்டுவைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. இதைப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954இலேயே பொருளியல் முறையில் விளக்கினார். அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டைமீனைப் பிடிப்பதைப் பாருங்கள். மொத்தப் பிடிப்புக்கு வரம்பு இருந்தும் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு இல்லாததால், 1990களின் தொடக்கத்தில் பருவம் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாட்களாகச் சுருங்கியது. புயல் அடித்தாலும் அந்த நாளில் படகை எடுத்தாக வேண்டும். சிக்கிய தூண்டில் கயிறுகளை அறுத்துவிட்டு ஓட வேண்டும். ஒரே நேரத்தில் குவியும் மீனை உறையவைத்து வந்த விலைக்குத் தள்ள வேண்டும். 1995இல் கைமாற்றத்தக்க தனி ஒதுக்கீடு, அதாவது மொத்தப் பிடிப்பில் ஒவ்வொருவருக்கும் விற்கவும் வாங்கவும் கூடிய ஒரு பங்கு, வந்ததும் பருவம் ஏறத்தாழ எட்டு மாதங்களாக நீண்டது.

நெய்தல்:
நண்பரே, வரம்பு முன்பே இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் மீனைக் காத்தது அந்த வரம்புதான். ஒதுக்கீட்டுச் சந்தை காத்தது படகுக்காரர்களின் செலவையும் உயிரையும். அது சிறிய காரியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை இயற்கைப் பாதுகாப்பு என்று அழைப்பது பொருந்தாது. அடுத்து, அந்த உரிமை யாருக்குப் போகிறது? ஐஸ்லாந்தில் பழைய பிடிப்பை வைத்து இலவசமாகப் பங்கிட்டார்கள்; பின்னால் வந்தவர்கள் முன்னவர்களிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. ஒதுக்கீடின்றி மீன் பிடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட இருவரின் முறையீட்டில், இது நியாயமற்ற பாகுபாடு என்று 2007இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கருத்துரைத்தது.

துலாக்கோல்:
இலவசமாகக் கொடுத்தது அரசின் முடிவு. ஏலம் விட்டிருக்கலாம், ஆண்டு வாடகை வசூலித்திருக்கலாம். மீன் பெருகினால் பங்கின் மதிப்பும் உயர்வதால், பங்குதாரரே வரம்பை மதிக்கும் காவலராகிறார் என்பதுதான் என் வாதம்.

அலையோசை:
இடையில் ஒரு குறுக்கீடு. மீன் வளரும் வேகம் வட்டி வீதத்தைவிடக் குறைவானால், எல்லாவற்றையும் பிடித்துப் பணமாக்கி வங்கியில் போடுவதே தனி உரிமையாளருக்கு லாபமாகக்கூடும் என்று கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973இல் காட்டினார். ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீன் நூறாண்டுக்கு மேல் வாழும்; இனப்பெருக்கப் பருவத்தை எட்டவே இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். ஐந்து விழுக்காடு வட்டியில் பணமோ பதினான்கு ஆண்டுகளிலேயே இரட்டிப்பாகிவிடும். நியூசிலாந்தில் 1986 முதல் ஒதுக்கீட்டு முறை இருந்தும், கடலடியில் உள்ள சேலஞ்சர் மேட்டுநிலப் பகுதியில் இந்த மீன்பிடிப்பு 2000இல் மூடப்பட்டது.

துலாக்கோல்:
அங்கே வரம்பே அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. மெதுவாக வளரும் இனம் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

நெய்தல்:
அப்போது காவலர்களாக இருந்த பங்குதாரர்கள் எங்கே போனார்கள்? துருக்கியின் அலன்யா கடற்கரையில், பொதுவளங்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டிய முறையில் விலையே இருக்கவில்லை. மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்டு, செப்டம்பர் முதல் ஜனவரி வரை நாளுக்கொரு இடமாகக் கிழக்கே நகர்ந்தார்கள், அதன்பின் மேற்கே. தன் முறைக்காகக் காத்திருந்தவனே மற்றவனைக் கண்காணித்தான்.

துலாக்கோல்:
பக்கத்துப் படகு கண்ணுக்குத் தெரியும் கரையோரத்தில் அது நடக்கும். ஆழ்கடல் கப்பல்களுக்கு யார் சீட்டுக் குலுக்குவது? மெதுவாக வளரும் இனங்களுக்கு வரம்பை உயிரியலாளர்களே வகுக்கட்டும், அதற்குள் உரிமையைப் பத்தாண்டுத் தவணையில் ஏலம் விடலாம்.

நெய்தல்:
ஏலத்தை ஏற்கிறேன், தவணையை அல்ல. பத்தாம் ஆண்டுக்குப் பின் தனக்குப் பங்கில்லை என்று தெரிந்தவர், எட்டாம் ஆண்டிலேயே வரம்பை உயர்த்தக் கோரி மனுவோடு நிற்பார்.