ஸ்பிட்ஃபயர் மார்க் 9 கிட்டை பி.ஆர். 11 ஆக மாற்றுவது: எங்கே வெட்டுவது, எங்கே அடைப்பது?

நீலப்பறவை:

வணக்கம். என்னிடம் 1/48 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 சி (இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாதிரி கிட் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. அப்படியே போர் விமானமாகக் கட்ட மனசில்லை, அதை எல்லோரும் கட்டியாகிவிட்டது. புகைப்பட உளவுக்குப் போன பி.ஆர். 11 ஆக மாற்றலாம் என்று நினைக்கிறேன். குறிப்பாக 1943 மே 17 காலையில், முந்தைய இரவு குண்டுவீச்சில் உடைந்த ஜெர்மனியின் மோனே அணையைப் படமெடுத்து வந்த, பிரிட்டிஷ் விமானப்படை 542 ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானம். ஜெர்ரி ஃப்ரே ஓட்டியது.

எனக்குப் புரிந்த வரை: துப்பாக்கிகளை எடுத்துவிட்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும், வயிற்றில் கேமரா ஜன்னல் போட வேண்டும், முழுக்க நீலம் அடிக்க வேண்டும். இவ்வளவுதானா, வேறு ஏதாவது இருக்கிறதா? ரெசினில் வார்த்த மாற்றுப் பாகங்கள் கொண்ட செட் வாங்குவது நல்லதா, கையாலேயே செய்துவிடலாமா? புட்டி, உப்புத்தாள் வேலையெல்லாம் பழக்கம்தான், ஆனால் கண்ணாடிப் பாகம் எதையும் சொந்தமாகச் செய்ததில்லை.

உப்புத்தாள்:

நல்ல தேர்வு. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் சுலபமான வேலைகள், கஷ்டமான இரண்டும் விட்டுப்போய்விட்டன. மூக்கும் முன்கண்ணாடியும்தான் பி.ஆர். 11-இன் முகமே. அவை சரியாக வராவிட்டால் எவ்வளவு அழகாக நீலம் அடித்தாலும் துப்பாக்கி இல்லாத மார்க் 9 மாதிரிதான் தெரியும்.

முதலில் மூக்கு. இந்த விமானங்கள் பல மணி நேரம் பறந்ததால் இன்ஜினுக்கு எண்ணெய் அதிகம் வேண்டும், அதனால் மூக்குக்கு அடியில் பெரிய எண்ணெய்த் தொட்டி வைத்தார்கள். அதற்கு இடம் கொடுக்க கீழ்க் கௌலிங் (இன்ஜின் மூடி) தாடைபோல் புடைத்திருக்கும். ஸ்பின்னருக்கு (ப்ரொப்பெல்லர் நடுவில் இருக்கும் கூம்பு) பின்னாலேயே தொடங்கி, நடுவில் ஆழமாகி, காற்று உள்ளிழுக்கும் வாய் வரும் இடத்தில் மெதுவாக அடங்கும். இதற்கு எதையும் வெட்ட வேண்டாம், கிட்டின் கௌலிங் மேலேயே எபாக்சி புட்டி பூசி, ஈரவிரலால் வடிவம் கொடுத்து, இறுகியதும் தேயுங்கள். பக்கவாட்டுப் படம் ஒன்றை 1/48 அளவுக்கு அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, வளைவை வெட்டி எடுத்து அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணளவில் செய்தால் கண்டிப்பாக அதிகமாகிவிடும்: அசலில் 5 செ.மீ. என்பது இங்கே 1 மி.மீ. மட்டும்தான், ஆனால் தாடையில் அந்த 1 மி.மீ. பளிச்சென்று தெரியும்.

அப்புறம் இறக்கை. பீரங்கிக் குழாய், இயந்திரத் துப்பாக்கி ஓட்டைகள், மேலே பீரங்கிக்காக எழும்பியிருக்கும் புடைப்பு, அடியில் தோட்டா உறைகள் விழும் பிளவுகள், இது எல்லாமே போக வேண்டும். இதோடு நிறுத்திவிடாதீர்கள். பி.ஆர். இறக்கையில் துப்பாக்கி அறையே கிடையாது, ஆகவே அந்த அறைகளின் மூடிகளுக்கான பேனல் கோடுகளும் இருக்கக்கூடாது. முன்விளிம்பு முழுவதையும் எரிபொருள் தொட்டியாக்கிவிட்டார்கள், பக்கத்துக்கு 66 கேலன். உடம்பில் இருந்த 85 கேலனோடு சேர்த்தால் 217, அதாவது சாதாரண மார்க் 9-ஐப் போல இரண்டரை மடங்கு. இறக்கை ஏன் அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஓட்டைகளுக்கு டியூபில் வரும் புட்டி வேண்டாம், அது காயக் காயச் சுருங்கும். பிளாஸ்டிக் கம்பியைச் செருகி வெட்டிவிட்டு, மிச்சத்தை சூப்பர் க்ளூவால் நிரப்புங்கள். க்ளூ இறுகிய கையோடு தேய்த்துவிட வேண்டும், மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் பள்ளமாகும்.

ரெசின்ராஜா:

உப்புத்தாள் சொன்னது எல்லாம் சரி, வரிசையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முதலில் முன்கண்ணாடியைச் செய்யுங்கள். அது வந்துவிட்டால் மற்றது எல்லாம் வெறும் உழைப்புதான், அது வராவிட்டால் இறக்கையை இவ்வளவு தேய்த்தது வீண்.

மார்க் 9-இல் முன்னால் தட்டையான தடித்த குண்டு துளைக்காத கண்ணாடி, அதைச் சுற்றிச் சட்டம். பி.ஆர். 11-இல் அது கிடையாது, ஒரே வளைவாகச் சுற்றி வரும் கண்ணாடி. கிட்டின் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் எபாக்சி புட்டி அடைத்து, வெளியே தட்டையான பகுதியின் மேலும் புட்டி ஏற்றி, வளைவாகத் தேய்த்தால் அச்சு தயார். அதை ஒரு குச்சியில் நிறுத்தி, பொருட்கள் அடைத்து வரும் மெல்லிய தெளிவான பெட்-ஜி தாளைச் சட்டத்தில் பிடித்துச் சூடாக்கி, தொய்ந்ததும் ஒரே அழுத்தாக அச்சின் மேல் இறக்குங்கள். தாளுக்கும் தடிமன் உண்டு என்பதால் அச்சைக் கொஞ்சம் சிறிதாகத் தேய்ப்பது அவசியம். முதல் சில கண்ணாடிகள் குப்பைக்குத்தான் போகும், தாள் மலிவு, கவலை வேண்டாம். ஒட்டும்போது வெள்ளைப் பசை, சூப்பர் க்ளூ பக்கத்திலேயே வரக்கூடாது, ஆவியில் கண்ணாடி வெளுத்துவிடும்.

ரெசின் செட் பற்றிக் கேட்டீர்கள். கண்ணாடி பயமாக இருந்தால் வாங்குங்கள், அதில் அச்செடுத்த முன்கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வெறும் மூக்குக்காகவும் கேமரா ஜன்னலுக்காகவும் மட்டும் என்றால் அந்தக் காசில் இன்னொரு கிட் வாங்கலாம்.

வால்சக்கரம்:

கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் இதையும் யோசியுங்கள். முதல் மாற்று வேலைக்கு எஃப்.ஆர். 9 போதுமே? அது மார்க் 9-இன் துப்பாக்கியெல்லாம் அப்படியே இருக்க, உடம்பின் பக்கவாட்டில் சாய்வு கேமராவுக்கு ஒரு ஜன்னல் மட்டும் வைத்தது. 1944-இல் 16 ஸ்குவாட்ரனில் சிலவற்றுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு அடித்திருந்தார்கள், மேகத்துக்குக் கொஞ்சம் கீழே தாழப் பறக்கும்போது கண்ணில் படாமல் இருக்க. ஒரு ஓட்டை போட்டு, ஒரு நிறம் அடித்தால் வேலை முடிந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் ரோஸ் கலர் என்று கேட்பார்கள்.

நீலப்பறவை:

ரெசின்ராஜா அண்ணா, அப்போ கண்ணாடிதான் முதலில். வால்சக்கரம், ரோஸ் கலர் ஆசையைக் கிளப்பிவிட்டீர்கள், ஆனால் அணை விமானத்தை விட மனசு வரவில்லை. இன்னும் சில சந்தேகங்கள். கிட்டில் இரண்டு ரட்டர் (வாலில் செங்குத்தாக நிற்கும் திசைச் சுக்கான்) இருக்கிறது, உருண்டை முனை ஒன்று, அகன்று கூராக இருப்பது ஒன்று. பி.ஆர். 11-க்கு எது? இங்கிலாந்தின் பென்சன் விமானத்தளத்து வாசலில், ஃப்ரே ஓட்டிய விமானத்தின் எண்ணான இ.என். 343 என்று எழுதி ஒரு பி.ஆர். 11 நிற்கிறதே, அதன் படங்களைப் பார்த்து அளவு எடுக்கலாமா?

உப்புத்தாள்:

அதிலிருந்து அளவு எடுக்காதீர்கள், அது ஃபைபர்கிளாஸில் செய்த மாதிரி. எண்ணுக்கு மரியாதை, வளைவுக்கு ஆதாரம் இல்லை. உண்மையான பி.ஆர். 11 சில மிஞ்சியிருக்கின்றன: பி.எல். 965, பி.எல். 983, அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் பி.ஏ. 908. தாடைக்கும் கண்ணாடிக்கும் அவற்றின் படங்கள் போதும். ஆனால் அவை உங்கள் விமானத்துக்குப் பிந்தைய தயாரிப்புகள், பிறகு பழுதுபார்த்தும் இருக்கிறார்கள், அதனால் ரட்டரையும் காற்று வாயையும் அவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பி.ஆர். 11-க்கு எந்த ரட்டர் என்று கேட்டால் இரண்டுமே என்றுதான் சொல்ல முடியும். முதலில் வந்தவற்றில் உருண்டை முனை, கடைசியில் வந்தவற்றில் அகன்றது. காற்று வாயும் அப்படித்தான், முதலில் குட்டை, பிறகு வடிகட்டியோடு நீளமானது. நீங்கள் 1943 மே மாதத்து விமானம் கட்டுகிறீர்கள், ஆகவே உருண்டை ரட்டர், குட்டை வாய் என்று தொடங்கி, அந்தக் காலத்துப் படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எண் தெரிந்த விமானத்தைக் கட்டும்போது வகையின் பெயரை நம்பி வெட்டுவது வம்பு.

வால் சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். மார்க் 9-இல் அது நிலையானது, பி.ஆர். 11-இல் பொதுவாக உள்ளே மடங்கும். வாலுக்கு அடியில் நீள்சதுரமாகத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சின்னக் கதவுகள் வைத்தால் போதும். விமானி அறையில் துப்பாக்கிக் குறிகாட்டியையும் எடுத்துவிடுங்கள், சுடுவதற்கு ஒன்றுமில்லை.

ரெசின்ராஜா:

கேமரா ஜன்னல்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் செங்குத்தாக இரண்டு, அதற்கு ஓட்டையை உடம்பின் இரு பாதியையும் ஒட்டிய பிறகு துளையுங்கள், முன்பே துளைத்தால் மையக்கோட்டில் பொருந்தாது. தெளிவான தாளில் வட்டம் குத்தி உள்ளிருந்து ஒட்டலாம், அதற்கு முன் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வெளிச்சம் தெரிந்து கேமரா இல்லாதது காட்டிக்கொடுக்கும்.

நிறத்துக்கு வருகிறேன். பி.ஆர்.யூ. (புகைப்பட உளவுப் பிரிவு) நீலம் என்பது சாம்பல் கலந்த மங்கலான நீலம், வான நீலம் வாங்கி அடித்துவிடாதீர்கள். ஒரே நிறம் என்பதால் தேய்த்த கோடு ஒவ்வொன்றும் தெரியும், சாம்பல் ப்ரைமர் அடித்து விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உயரமும் வேகமும்தான் இந்த விமானங்களுக்குப் பாதுகாப்பு, அதனால் மேற்பரப்பைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ சோதனைத் தளத்தில் அதிவேகமாகக் கீழ்நோக்கிப் பாயும் சோதனைக்கு ஒரு பி.ஆர். 11-ஐத்தான் பயன்படுத்தினார்கள், 1944 ஏப்ரலில் அந்தப் பாய்ச்சலில் ப்ரொப்பெல்லரே கழன்று போய், மார்ட்டிண்டேல் என்ற விமானி மிதந்தபடியே கொண்டுவந்து இறக்கினார். ஆகவே ரிவெட் ரிவெட்டாக அழுக்குப் பூசும் இன்றைய மோகம் இதற்கு வேண்டாம், புகைபோக்கிக் கறை மட்டும் போதும். டிகாலிலும் (விமானத்தில் ஒட்டும் சின்னம், எண் ஸ்டிக்கர்) பெரிய தலைவலி இல்லை. பென்சன் ஸ்குவாட்ரன்களின் விமானங்களில் பொதுவாக ஸ்குவாட்ரன் எழுத்துகளே இருக்காது, சிவப்பும் நீலமும் மட்டுமான வட்டச் சின்னமும் வரிசை எண்ணும்தான். மிச்ச டிகால் தாள்களைக் கிளறினாலே கிடைத்துவிடும்.