பேக்லாக்ல 60 ஸ்டோரி: எதை வச்சு வரிசைப்படுத்துறது, எதை வச்சு எஸ்டிமேட் போடுறது?

கீழக்கரை_தேவ்:
வணக்கம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து விசைப்படகு சம்மாட்டிகளுக்கும் (படகு உரிமையாளர்கள்) மீன் வியாபாரிகளுக்கும் ஒரு ஆப் செய்றோம். கடலுக்குப் போற அனுமதி டோக்கன், பிடிப்புக் கணக்கு, ஏலத் தொகை, ஆட்களுக்குப் பங்கு பிரிக்கிறது எல்லாம் அதுல வரணும். செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்ல (பேக்லாக்) 60 ஸ்டோரி, அதாவது பயன்படுத்துறவங்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன வசதிகள், இருக்கு. டீம்ல 6 பேர். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 முடியுது, அதுக்குள்ள முதல் வெர்ஷன் தயாராகணும். பிளானிங் போக்கர் (ஆளுக்கு ஒரு எண் கார்டு காட்டி வேலை அளவைச் சொல்றது), டாட் ஓட்டு (வேணும்ங்கிற ஸ்டோரியில புள்ளி வைக்கிறது), மாஸ்கோ (மஸ்ட், ஷுட், குட், வோண்ட்னு அவசியத்தை வச்சுப் பிரிக்கிறது), டி-ஷர்ட் சைஸ் (S, M, L-ன்னு அளவு போடுறது)னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எடுக்கலாம்?

தொண்டி_ஸ்க்ரம்:
தம்பி, இந்த நாலும் ஒரே வேலைக்கு இல்ல. டாட் ஓட்டு, மாஸ்கோ ரெண்டும் எது முதல்லன்னு முடிவு பண்ண. அதுக்கு சம்மாட்டியும் வியாபாரியும் உட்காரணும். போக்கர், டி-ஷர்ட் ரெண்டும் வேலை எவ்வளவு பெரிசுன்னு பார்க்க. அதுல கோட் எழுதுறவங்களும் டெஸ்ட் பண்றவங்களும் மட்டும் போதும்.

60-க்கும் போக்கர் வேண்டாம். ஒண்ணுக்கு 5 நிமிஷம்னாலே 5 மணி நேரம். ஸ்டோரி எழுதின கார்டுகளை மேசையில பரப்பி, யாரும் பேசாம, சின்னதுலேருந்து பெரிசு வரைக்கும் அடுக்குங்க. அப்புறம் S, M, L, XL-ன்னு கோடு போடுங்க. அரை மணியில முடிச்சிடலாம்.

டாட் ஓட்டுல ஒரு கெடுதல் உண்டு: முதல்ல விழுந்த புள்ளியைப் பார்த்து மத்தவங்களும் அங்கேயே வைப்பாங்க. தனித்தனியா எழுதி வாங்கிட்டு ஒண்ணா ஒட்டுங்க.

கீழக்கரை_தேவ்:
நன்றி அண்ணே. மாஸ்கோல சம்மாட்டிங்க எல்லாத்தையுமே மஸ்ட்னு சொன்னா?

மண்டபம்_பிஓ:
கண்டிப்பா சொல்வாங்க. டிஎஸ்டிஎம்ங்கிற ப்ராஜெக்ட் நடத்துற முறையில மஸ்ட் மொத்த உழைப்புல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கவனிங்க, உழைப்பு, கார்டு எண்ணிக்கை இல்ல. அதனாலதான் சைஸ் போட்ட பிறகு மாஸ்கோவுக்கு வரணும்.

ஒவ்வொரு கார்டுக்கும் கேளுங்க: "ஜூன் 15 காலையில இது இல்லன்னா நோட்டுல எழுதிச் சமாளிக்க முடியுமா?" முடியும்னா அது மஸ்ட் இல்ல. பங்குக் கணக்கு ரிப்போர்ட் பெரும்பாலும் இங்கேயே இறங்கிடும், ஏலத் தொகைப் பதிவு நிக்கும்.

பாம்பன்_டெஸ்டர்:
போக்கரை அடுத்த ஸ்பிரிண்டுக்கு (குறுகிய கால வேலைச் சுத்து) வரப்போற 8, 10 ஸ்டோரிக்கு மட்டும் வைங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கார்டைத் திருப்பணும். சீனியர் முதல்ல "3"னு சொல்லிட்டா மத்தவங்க மனசு அந்த 3-ஐச் சுத்தியே நிக்கும்.

கடல்ல வச்சே பிடிப்பைப் பதியுற ஸ்டோரியை எடுத்துக்குங்க. நாலு பேர் 3, ஒருத்தர் 5, ஒருத்தர் 13 காட்டினா சராசரி போட்டுடாதீங்க. 13 காட்டினவரையும் 3 காட்டினவங்கள்ல ஒருத்தரையும் முதல்ல பேச விடுங்க. கரையை விட்டுத் தள்ளிப் போனா சிக்னல் போகும், திரும்பி வந்ததும் ஒரே பதிவு ரெண்டு தடவை ஏறும்னு 13 காட்டினவர் யோசிச்சிருப்பார். அதைக் கேட்டுட்டு மறுபடி கார்டு காட்டுங்க. மூணாவது சுத்துலயும் ஒத்துவரலன்னா ஸ்டோரியை உடைங்க: போன்லயே சேமிக்கிறது ஒண்ணு, சிக்னல் வந்ததும் அனுப்புறது இன்னொண்ணு.

இன்னொரு விஷயம், பாயிண்டை (கார்டுல காட்டுற அந்த எண்) மணிக்கணக்கா மாத்தி சம்மாட்டிகிட்ட தேதி சொல்லாதீங்க. ரெண்டு மூணு ஸ்பிரிண்ட்ல எத்தனை பாயிண்ட் முடியுதுன்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க.